ஒரு பெட்டகம் மட்டும்

காலை 9.10.

எட்டாம் எண் பெட்டகத்தின் கதவு, பூட்டை விடுவிக்காமலே, இழுத்ததும் திறந்துகொண்டது. குளிர்கிடங்கு மேலாளர் அதை அகலத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்துப் பெட்டிகளில் ஒன்றுகூட இல்லை.

ஓடிப்போய்க் கணினியைப் பார்த்தார். முந்தின நாள் பிற்பகலில் குளிரறை திறக்கப்பட்டிருந்தது. மருத்துவமனையின் சம்மதம்: உண்டு. திறந்தவர்: பணியில் இருந்த பொறுப்பாளர். மேலாளருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பொறுப்பாளரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் மருந்தத் திருடிட்டாரும்மா. வீட்ல பெட்டி கிட்டி இருந்தா மரியாதையா கொண்டுவந்து குடுத்துடுங்க."

பதிலுக்குக் காத்திராமல் வைத்தும் விட்டார். மனிதர் கெட்டவரில்லை. பதற்றம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

அந்த மனைவி அழுதுகொண்டே அடுத்த போன் போட்டது தன் அக்காவுக்கு. அக்கா யார் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். அந்த அவசரத்தில் மறந்துவிட்டது, பாவம்.

நடுவில் நின்று சண்டை தீர்க்கிறவள் என்று அக்காவை எல்லோரும் நடுவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து செய்ய ஓர் ஆலை, அதைக் குளிரில் வைத்துக் காக்க ஒரு கிடங்கு, வாங்கி நோயாளிக்குப் போட ஒரு மருத்துவமனை என மூன்று நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, மூன்றுக்கும் பொதுவாக ஒரே மென்பொருளும் போட்டுக்கொண்டன. போட்ட நாளிலிருந்து சண்டைதான். ஒவ்வொரு நிறுவனமும் எதை நோக்கிப் போகிறது, கணினி எதை நோக்கிப் போகிறது என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிடத்தான் போன மாதம் இவளை நியமித்தார்கள். மூவரும் வெளியே சொல்லாததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆலை தனக்கென்று சொந்தக் கிடங்கு கட்டலாமா என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தது உட்பட.

காலை 10.30.

மேலாளர் அறையில் புழுக்கம் தாங்கவில்லை. ஏசி நின்று இரண்டு நாளாகிறது. பழுது பார்க்கிறவன் இதோ அதோ என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். மேலாளர் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொந்தக்காரங்க. இதுல தலையிடறது நல்லா இல்ல."

"சொந்தக்காரிங்கறதால ரெண்டு மடங்கு கண்டிப்பா விசாரிப்பேன் சார். அவர் எடுத்திருந்தா நானே போலீஸ் வண்டில ஏத்திவிடறேன். போதுமா?"

"ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் போலீஸுக்குச் சொல்லிடுவேன்."

"தாராளமா."

தங்கை கணவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரே காலைப்பொழுதுக்குள் முகம் வற்றிப்போயிருந்தது. நடுவக்கா அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலில் மட்டும் உறவைக் காட்டவில்லை.

"மாப்பிள்ளை, நேத்து மத்தியானத்துக்கு மேல குளிரறையத் திறந்தீங்களா?"

"இல்ல அண்ணி."

"எங்க இருந்தீங்க?"

"பின்னாடி முற்றத்துல. லாரிலேருந்து சரக்கு எறக்கி எண்ணிட்டிருந்தேன்."

"கூட யாரு?"

"லாரி போயிடுச்சு. நான் மட்டுந்தான்."

"நல்லா மாட்டிக்கிட்டீங்க போங்க" என்றாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள். "அறையக் காட்டுங்க சார்."

தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். சுவர் முழுக்க இரும்புப் பெட்டகங்கள். கேமரா கிடையாது, மாட்டியதெல்லாம் குளிரில் செத்துப்போனதால் அந்த ஆசையை விட்டுவிட்டார்கள்.

"இத எப்படித் திறப்பீங்க, மொதல்லேருந்து சொல்லுங்க."

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல சரின்னு சொல்லணும். இங்க பொறுப்பாளர் வெளிய இருக்கற கருவில விரல் வெக்கணும். கதவு திறக்கும். உள்ள இருக்கற பெட்டகமெல்லாம் பூட்டு விட்டுடும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. வேலை முடிஞ்சதும் ஒவ்வொண்ணையும் நாமதான் கையால அழுத்திப் பூட்டணும். ஆஸ்பத்திரி சம்மதம் இல்லாம நான் விரல் வெச்சா அறைக்கதவு மட்டுந்தான் திறக்கும், பெட்டகம் திறக்காது."

"ஒன்பதாம் பெட்டகத்துல என்ன?"

"புத்துநோய் ஊசி. காணாமப் போனதவிட பத்து மடங்கு விலை." மேலாளர் அதைத் தட்டிக் காட்டினார். "நல்லவேளை, இது பூட்டினபடியே இருந்துச்சு."

"ரொம்ப நல்லவேளைதான்" என்றாள் நடுவக்கா. அந்தப் பெட்டகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆவி படிந்திருந்ததில் எதிரே நின்றவள்கூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து வாசல் காவலாளி. நேற்றுப் பிற்பகல் வெளியாட்கள் இருவர்தான் வந்தார்கள் என்றார்.

"ஒண்ணு ஆஸ்பத்திரி மருந்தாளர் அம்மா. சரக்கு எப்ப வரும்னு மேனேஜர்கிட்ட கத்திட்டுப் போனாங்க. இன்னொண்ணு ஆலைலேருந்து கம்ப்யூட்டர் சார். கம்ப்யூட்டர் ஏதோ மெதுவா ஓடுதுன்னு கருவிப் பையோட பாக்க வந்தாரு."

"போகும்போது எப்படி இருந்தாங்க?"

"அந்தம்மா கோபமா இருந்தாங்க. சார் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே வந்தவரு என் நாற்காலில இடிச்சிக்கிட்டாரு. 'பாத்துப் போங்க சார்'ன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுஷன்."

"மழை கிழை பெஞ்சுதா நேத்து?"

"மழையா? வெயில் மண்டையப் பொளந்துச்சும்மா."

இதற்குள் தங்கை ஆறு முறை கூப்பிட்டுவிட்டாள். ஏழாவது முறை நடுவக்கா எடுத்து, "அழாம இரு. ரெண்டு மணிக்குள்ள நல்ல சேதி சொல்றேன்" என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல அவளால்தான் முடியும்.

மருந்தாளர் அம்மாவையும் ஆலையின் கணினித் தலைவரையும் நேரில் வரச் சொன்னாள். முதலில் வந்தவர் கணினித் தலைவர், மூன்றுக்கும் பொதுவான மென்பொருளை எழுதியவர். யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல் செய்து தருகிறவர் என்று மூன்று நிறுவனங்களிலும் அவருக்குப் பேர்.

"நேத்து இங்க என்ன வேலை சார்?"

"இந்த ஆபீஸ் ரூம்லதான் உக்காந்து கம்ப்யூட்டரப் பாத்தேன். மேனேஜரும் கொஞ்ச நேரம் கூட இருந்தாரே."

"குளிரறைப் பக்கம் போனீங்களா?"

"அங்க எனக்கென்ன வேலை? இந்தப் புழுக்கத்துல அரை மணி நேரம் உக்காந்ததே பெரிய விஷயம்."

"விரல் வெக்காம அந்தக் கதவத் திறக்க வழி இருக்கா?"

"ஆரம்பத்துல அவசர வழின்னு ஒண்ணு வெச்சிருந்தோம். அப்பவே எடுத்தாச்சு." அவர் மாப்பிள்ளையை இரக்கத்தோடு பார்த்தார். "விரல் வெச்சாதான் பேர் பதிவாகும் மேடம். சொல்லவே கஷ்டமா இருக்கு."

பிற்பகல் 1.40.

மருந்தாளர் அம்மா வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "நான் சம்மதம் குடுக்கவே இல்ல, என் தலைய உருட்டாதீங்க" என்று ஆரம்பித்தார். அவரை அமைதிப்படுத்தி, எல்லோரையும் குளிரறைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள் நடுவக்கா.

"மேனேஜர் சார், இப்ப பணில யாரு?"

"காலைலேருந்து நான்தான். இவரத்தான் நிறுத்தி வெச்சிருக்கேனே."

"கைய ரெண்டையும் கட்டிக்கங்க. கருவியத் தொடாதீங்க. மேடம், உங்க போன்லேருந்து நாலாம் பெட்டகத்து மருந்து அவசரமா வேணும்னு கேளுங்க."

"அந்த அவசரப் பட்டனா? அத யாரும் அழுத்தறதே இல்லையே. வேலை செய்யுதோ என்னவோ." அவர் அழுத்தினார்.

கதவு திறந்துகொண்டது.

யாரும் விரல் வைக்கவில்லை. உள்ளே நாலாம் பெட்டகத்தின் பூட்டு மட்டும் விடுபட்டது. மற்றவை இறுகப் பூட்டியே இருந்தன. கதவருகே இருந்த திரையில் எழுத்துகள் வந்தன. மருத்துவமனையின் சம்மதம்: உண்டு. திறந்தவர்: மேலாளர்.

"ஐயையோ! நான் இங்கதானே நிக்கிறேன்!" என்று அலறினார் மேலாளர்.

"அப்படித்தான் சார் என் மாப்பிள்ளையும் நேத்து முற்றத்துல நின்னுக்கிட்டிருந்தாரு."

அவள் நிதானமாக விளக்கினாள். நோயாளி ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது மருத்துவமனையின் குறிக்கோள். அதனால் அவசரப் பொத்தான் கேட்டார்கள். பொறுப்பாளர் பேர் இல்லாமல் கதவு திறக்கக் கூடாது என்றது கிடங்கு. ஆய்வாளர்கள் வந்து கேட்டால் பதிவில் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றது ஆலை. மூன்றும் நியாயம். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே இல்லை. கணினி மூன்றையும் வாங்கிக்கொண்டு தனக்குத் தெரிந்தபடி முடிச்சுப் போட்டது: அவசரம் என்றால் கதவைத் திற, பணியில் இருக்கிறவர் பேரை நீயே போட்டுக்கொள்.

"மாப்பிள்ளை விரல் வெச்சிருந்தா எல்லாப் பெட்டகமும் திறந்திருக்கும். பத்து மடங்கு விலை உள்ள மருந்த பக்கத்துலயே விட்டுட்டு எந்தத் திருடனாவது போவானா? அவனுக்கு எட்டாம் பெட்டகம் மட்டுந்தான் திறந்துச்சு. ஏன்னா அவன் கேட்டது அத மட்டுந்தான்."

"அப்ப பட்டன அழுத்தினது யாரு?" என்றார் மருந்தாளர் அம்மா.

"ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் பங்கு மட்டுந்தான் தெரியும். மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவர் அந்த சாஃப்ட்வேர எழுதினவர்தான். சோதனைக்குன்னு ஆஸ்பத்திரி பேர்ல ஒரு கணக்கும் அவர்கிட்ட இருக்கு." நடுவக்கா திரும்பினாள். "இல்லையா கம்ப்யூட்டர் சார்?"

கணினித் தலைவர் சிரிக்கப் பார்த்தார். "எடுத்துட்டோம்னு நெனச்சேன் மேடம். மறந்துபோச்சு. அதுக்காகத் திருடன்னு சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். வெயில் மண்டையப் பொளக்கற நேரத்துல கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே வந்து காவலாளி நாற்காலில இடிச்சீங்களே, அதுக்காகச் சொல்றேன்."

"வேர்வை."

"வேர்வைன்னா நெத்தியத் தொடைப்பீங்க. ஆவி படிஞ்சாத்தான் எதிர்ல இருக்கறது தெரியாது. ஆபீஸ்ல ஏசி ஓடல, புழுங்கித் தள்ளுச்சுன்னு நீங்களே சொன்னீங்க. இந்தக் கட்டடத்துல கண்ணாடி சில்லுனு ஆகற இடம் ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கமே போகலன்னும் நீங்கதான் சொன்னீங்க."

அவர் கை தானாகக் கண்ணாடியைத் தொட்டது. பிறகு கீழே தொங்கியது.

"விக்கறதுக்கு எடுக்கல" என்றார் கம்மிய குரலில். "பத்திரமா எங்க பிரிவு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன். இந்தக் கிடங்க நம்ப முடியாதுன்னு ஆயிட்டா ஆலையே சொந்தமா கட்டும். அத என் பொறுப்புல விடறதா பேச்சு."

"உங்க பதவிக்கு என் தங்கச்சி வாழ்க்கையா கெடச்சுது?" நடுவக்காவுக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் அது.

மருந்தாளர் அம்மா ஆலைக்குப் போன் செய்து, ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொன்னார். பெட்டிகள் இருந்தன. மேலாளர் போலீஸுக்குச் சொன்னார், ஆனால் கணினித் தலைவரின் பேரைச் சொல்லி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் வந்து கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிடுப்பா. அவசரப்பட்டுட்டேன்."

மாப்பிள்ளை கையை விடுவித்துக்கொண்டார். நாள் முழுக்கக் குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.

"எங்கிட்ட வேணாம் சார். காலைல என் வீட்டுக்காரிகிட்டதானே சொன்னீங்க. அவகிட்டயே சொல்லுங்க."

நடுவக்கா தங்கையைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை நீட்டினாள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எதையும் எடுக்கல. தப்பு என்னோடது. விசாரிக்காம வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிங்க சார்" என்றாள் தங்கை. "காலைல நீங்க பேசினப்போ போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. பக்கத்துல என் மாமியார் இருந்தாங்க. அப்பலேருந்து அவங்க ஒரு வார்த்தை பேசல, ஒரு வாய் தண்ணி குடிக்கல. இப்ப சொன்னத அவங்ககிட்டயும் ஒரு தடவ சொல்லிடுறீங்களா?"

"குடுங்கம்மா" என்றார் மேலாளர்.

போன் கை மாறியது. "யாருப்பா?" என்றது வயதான குரல். மேலாளர் நேராக நிமிர்ந்து நின்று, "அம்மா, உங்க மகன் எதையும் எடுக்கல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவரை கல்லாக நின்ற மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.