சோலைமுத்து எடுத்த பாலிசி!

டிரிங்... டிரிங்... டிரிங்...!

காலை ஆறே கால் மணி. திண்டுக்கல் தாலுகா போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் காத்தமுத்து அப்போதுதான் காப்பி டம்ளரை உதட்டருகே கொண்டு போயிருந்தார். போனை முறைத்தார். காப்பியை ஏக்கமாகப் பார்த்தார். பதினாறு வருட சர்வீஸில் அவர் சூடாகக் குடித்த காப்பிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ஹலோ... யாருய்யா?"

"தாமரைப்பாடி ஸ்டேஷன் மாஸ்டர் சார்! தண்டவாளத்து ஓரமா ஒரு பிணம்! அய்யலூர் சந்தைக்கு ஆடு ஓட்டிட்டுப் போன ஆளு பார்த்துட்டு ஓடி வந்தான்!"

"ரயில்ல அடிபட்டதா?"

"அஞ்சு மணி எக்ஸ்பிரஸ்லேருந்து விழுந்திருக்கணும் சார்... பக்கத்துலயே டிரங்குப் பெட்டியும் கிடக்கு!"

காத்தமுத்து போனை வைத்தார். தொப்பியை எடுத்தார். கான்ஸ்டபிள் அப்துல் சுக்கூரைப் பார்த்தார்.

"யோவ் சுக்கூரு... ரயில்லேருந்து தவறி விழுறவன், பெட்டியையும் தூக்கிக்கிட்டா விழுவான்?"

"அம்புட்டு சாமான் பாசமோ என்னமோ ஐயா..."

"ஜீப்பை எடு!"

* * *

மல்லாந்து கிடந்தார் அந்த மனிதர்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். சலவைச் சட்டை. புது வேட்டி. நெற்றியில் ஒரு சிராய்ப்பு. அதைத் தவிர உடம்பில் காயம் இல்லை.

ரத்தம்...?

ஒரு சொட்டுக்கூட இல்லை!

சட்டைப் பையில் மெழுகுத்துணியில் சுற்றிய காகிதங்கள் இருந்தன. சுக்கூர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"பாஸ்போர்ட்டு... பேரு சோலைமுத்து. பினாங்குல ஒரு கடையில கணக்கப்பிள்ளை. லீவுல ஊருக்கு வந்திருக்காரு. இது திரும்பிப் போற பெர்மிட்டு. இந்த மாசக் கடைசிக்குள்ள அங்க இறங்கலேன்னா பெர்மிட்டு செல்லாது. இது அம்மை குத்தின சர்டிபிகேட்டு. கப்பல் டிக்கெட்டு, நாகப்பட்டினத்துலேருந்து."

"ரயில் டிக்கெட்டு?"

சுக்கூர் பையை உதறிப் பார்த்தார்.

"அதை மட்டும் காணோம் ஐயா!"

காத்தமுத்து பிணத்தின் அருகே குந்தினார். கடல் தாண்டிப் போகிற காகிதம் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. நாகப்பட்டினம் வரை போகிற காகிதம் மட்டும் இல்லை. அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கீழ் உதட்டின் ஓரத்தில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக வாயைத் திறந்தார்.

திடுக்கிட்டார்!

உள்ளே... பச்சரிசி! ஒரு பிடி பச்சரிசி!

"ஐயா... இது..."

"வாய்க்கரிசிய்யா!" காத்தமுத்துவின் குரல் இறங்கிப் போனது. "ஓடுற ரயில்லேருந்து விழுந்து செத்தவனுக்கு, யாரோ வாய்க்கரிசி போட்டிருக்காங்க!"

* * *

சோலைமுத்துவின் ஊர் இரண்டே மைல் தள்ளி இருந்தது. சுக்கூர் போய்ச் சொன்ன அரை மணியில், ஒற்றை மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள் மனைவி சிவனம்மாள். வண்டி ஓட்டி வந்தவன் அவள் தம்பி சுருளிவேல்.

சிவனம்மாள் ஓடி வந்து விழுந்து அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. எத்தனையோ சாவு வீடு பார்த்த காத்தமுத்துவுக்கு அது தெரிந்தது.

ஆனால், புருஷன் எங்கே கிடக்கிறான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து குதித்தவள் நேராக அந்த இடத்துக்கே ஓடி வந்தாள். அதையும் அவர் கவனித்தார்.

"ஏம்மா... உன் புருஷனைக் கடைசியா எப்பப் பார்த்த?"

"விடியக்காலம் திண்டுக்கல் டேசன்ல சாமி... நாந்தான் ரயிலேத்தி விட்டேன்..."

"எந்தப் பெட்டியில ஏத்தின? முன்னாலயா, பின்னாலயா?"

சிவனம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி மாட்டைப் பார்த்தான்.

"தாயி! இங்கிட்டு வா. தம்பி அங்கேயே நிக்கட்டும்."

பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் அவளை நிறுத்தி, காத்தமுத்து கைக்குட்டையை விரித்தார்.

உள்ளே பச்சரிசி!

"இதைப் போட்ட கை யாரு கை?"

அவ்வளவுதான்... அவள் மடங்கி உட்கார்ந்தாள்.

"எங்கைதான் சாமி... எங்கைதான்!"

"கொன்னியா?"

"ஐயோ!" தலையில் அடித்துக்கொண்டாள். "அவரை நானா கொல்லுவேன்? நெஞ்சுவலி சாமி! ரெண்டு வருசமாவே இருக்கு. போவேணாம்னு காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். பெர்மிட்டு முடிஞ்சா வேலை போயிரும், ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்குன்னாரு. டேசனுக்கு வண்டியில வரயில 'செத்த நேரம் உன் மடியில சாயுறேன் புள்ள'ன்னாரு. சாஞ்சாரு. எந்திரிக்கவே இல்ல..."

காத்தமுத்து அவள் எதிரே குந்தினார்.

"அப்புறம்?"

"கப்பலுக்குப் போறவுகளுக்கு ஒரு பாலிசி இருக்காம். அதை எடுத்திருந்தாரு. அடிபட்டுச் செத்தா அய்யாயிரம். ஏற்கெனவே இருந்த வியாதியில செத்தா ஒரு சல்லி கிடையாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. நெஞ்சுவலியை அதுல எழுதவே இல்லயாம். வண்டிப் பாதைக்குப் பக்கத்துலயே தண்டவாளம். தம்பிதான் சொன்னான்... 'அக்கா, மாமா நமக்குக் கடேசியா ஒண்ணு செஞ்சிட்டுப் போகட்டும்'னு..."

"ரயில் போன பிறகு கிடத்தினீங்க. அப்படித்தான?"

"ஆமா சாமி. நெத்தியில கல்லால தேச்சான் தம்பி. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"எல்லாம் செஞ்சீங்க. இந்த அரிசியை ஏம்மா போட்ட? இது இல்லாட்டி நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனே!"

சிவனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்டதே அவளுக்கு விளங்காதது போலிருந்தது.

"எம் புருசனை வெறும் வாயோடவா அனுப்பச் சொல்றீக? கப்பல்ல பொங்கித் திங்க நான் கட்டிக்கொடுத்த அரிசி சாமி அது... அதுல ஒரு பிடி..."

காத்தமுத்து எழுந்தார். திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

இவள் சொன்னதை எழுதினால்... மோசடி கேஸ்! அக்காளும் தம்பியும் உள்ளே! அய்யாயிரம் அம்போ! இரண்டு பெண் பிள்ளைகள் நடுத்தெருவில்!

கைக்குட்டையைக் கவிழ்த்தார். அரிசி புல்லில் சிதறியது.

"ஐயா! அது சாட்சியம்!" சுக்கூர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"எதுய்யா சாட்சியம்?"

"வாயில இருந்த அரிசி..."

"எந்த அரிசி?"

சுக்கூர் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். பிரேத விசாரணை நடந்தது. 'ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து மரணம். சந்தேகம் ஏதும் இல்லை' என்று காத்தமுத்து எழுதினார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அறுக்காமல், கிழிக்காமல் உடலைக் கொடுத்து அனுப்பினார்.

மாலைக்குள் சோலைமுத்து எரிந்து சாம்பலானார்.

அன்று வீட்டில் காத்தமுத்து இரண்டு வாய் சோறு அதிகமாகவே சாப்பிட்டார். பொய் எழுதியும் மனசு இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

* * *

ஐந்தாம் நாள் மத்தியானம்.

தோல் பையும் குடையுமாக ஒருவர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்.

"வணக்கம் சார். நான் பொன்னழகு. தென்மணி இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்ட். சோலைமுத்துவுக்குப் பாலிசி போட்டவன் நான்தான்."

"வாங்க, வாங்க!" காத்தமுத்து உற்சாகமாக நாற்காலியைக் காட்டினார். "விசாரணை நகல்தானே? தயாரா இருக்கு. கையோட வாங்கிட்டுப் போயி, அந்தப் பொண்ணுக்குச் சீக்கிரமா பணத்தைக் கொடுங்க."

பொன்னழகு நகலைப் படித்தார்.

ஒரு தடவை. இரண்டு தடவை.

முகம் சுண்டியது.

"ரயில்லேருந்து விழுந்தா சார் செத்தாரு?"

"கறுப்பு மசியில எழுதியிருக்கேனே, தெரியலையா?"

"அப்படின்னா அந்தம்மாவுக்கு ஒரு சல்லி வராது சார்!"

காத்தமுத்து சிரித்தார். "யோவ், என்னைய்யா உளர்றே? அடிபட்டுச் செத்தா அய்யாயிரம்னு..."

"அது சாதா பாலிசி சார். இவரு எடுத்தது அது இல்ல!"

காத்தமுத்துவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"விளக்கமா சொல்லுய்யா!"

"எங்ககிட்ட ரெண்டு தினுசு இருக்கு சார். சாதாவுல விபத்துக்குக் கொடுப்போம். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் கொடுக்க மாட்டோம். இன்னொண்ணு ஸ்பெஷல். டாக்டர்கிட்டப் போயி இருக்கிற வியாதியை ஒளிக்காம சொல்லிடணும். பிரீமியம் மூணு மடங்கு. ஆனா அந்த வியாதியாலயே செத்தாலும் முழுப் பணம்! சோலைமுத்து ஸ்பெஷல்தான் கேட்டாரு. கையில இருந்த காசு பத்தல."

"அதனால?"

"விபத்துப் பகுதியை நீக்கிட்டா பிரீமியம் குறையும்னு சொன்னேன். 'நீக்கிருங்க'ன்னுட்டாரு. 'பத்து வருசமா கப்பல்லயும் ரயில்லயும் போய் வாரேன். நான் தவறி விழமாட்டேன். என்னைக் கொல்லப்போறது என் நெஞ்சுதான். அதுக்கு மட்டும் எழுதுங்க'ன்னாரு."

காத்தமுத்து மேஜைமேல் குனிந்தார்.

"பொண்டாட்டிகிட்ட... ஏன் மாத்திச் சொன்னாரு?"

"வியாதின்னு எழுத்துல கொடுத்தா பினாங்குல பிடிச்சு அடைச்சு வச்சிருவாங்கன்னு அந்தம்மா பயந்துட்டாங்களாம். நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். துறைமுகத்துல பார்க்கிறது பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு, அம்மை சர்டிபிகேட்டு. எங்க பேப்பர் எங்க பீரோவை விட்டு வெளியே போகாது. அவருக்குப் புரிஞ்சுபோச்சு. 'அவகிட்ட இம்புட்டு விவரம் பேச முடியாது சார், அழுதே கரைஞ்சிருவா. சாதா பாலிசின்னே சொல்லிட்டேன்'னு சிரிச்சாரு."

மின்விசிறி இல்லாத அந்த அறையில் காத்தமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்... நெஞ்சுவலியில, வீட்டுலேருந்து கிளம்பின மாட்டு வண்டியிலயே செத்திருந்தா?"

"வாசலைத் தாண்டின நிமிஷத்துலேருந்து பாலிசி உண்டு சார். அய்யாயிரமும் மறு பேச்சில்லாம வந்திருக்கும்!"

அய்யாயிரம்!

உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருக்கும். அந்தப் பொம்பளை உண்மையைத்தான் சொன்னாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அழுது, அத்தனையும் சொன்னாள். அதைத் தட்டிப் பறித்துப் பொய்யாக்கியது இந்தக் கைதான். காத்தமுத்து தன் வலது கையைப் பார்த்தார். அதைக் கொண்டே தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அந்தம்மா கிளெய்ம் பாரத்துல கைநாட்டு வச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார். இன்னிக்குச் சாயங்காலம்தான் போகணும்."

"போகாதே! ரெண்டு நாள் பொறு. போலீஸ் அறிக்கை மாறும்."

பொன்னழகு எதையோ கேட்க வாயெடுத்தார். சப்-இன்ஸ்பெக்டரின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

* * *

காத்தமுத்து ஒரு முழுத்தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

'மேலதிகாரி அவர்களுக்கு... சோலைமுத்து என்பவரின் மரணம் குறித்து நான் எழுதிய அறிக்கை பொய்...'

எட்டிப் பார்த்த சுக்கூர் அலறிவிட்டார்.

"ஐயா! என்ன காரியம் செய்யுறீக? வேலை போயிரும்! பென்ஷன் போயிரும்!"

"தெரியும்யா."

"உடம்பை எரிச்சாச்சு! யாரு வந்து கேக்கப் போறா? சும்மா இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!"

"எரிச்சாச்சு. அதனாலதான்யா எழுதறேன். அந்த மனுசன் எப்படிச் செத்தான்னு சொல்ல இனிமே டாக்டர் இல்ல, உடம்பு இல்ல. அவன் வாயைத் திறந்து பார்த்த நான் ஒருத்தன்தான் பாக்கி."

"அந்தம்மாவையும் தம்பியையும் பிடிப்பாங்களே?"

"அவங்க அன்னிக்குக் காலையிலேயே எங்கிட்ட உண்மையைச் சொல்லியாச்சு. கம்பெனிகிட்ட இன்னும் ஒரு வார்த்தை பொய் சொல்லல. பொய்யின்னு இதுல எழுதியிருக்கிறதெல்லாம் என் பொய்தான். கேஸு போட்டா என்மேல போடட்டும்."

பேனா ஓடியது. நெஞ்சுவலி... மடி... தண்டவாளம்... பச்சரிசி... ஒன்றும் விடவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டு, மையை ஒற்றி, உறையில் வைத்து ஒட்டினார்.

சுக்கூர் உறையை வாங்கினார். கண்ணில் நீர் முட்டியது.

"மதுரையில கூப்பிட்டு விசாரிப்பாங்க ஐயா. பதினாறு வருசம் ஒரு கரும்புள்ளி இல்லாத ஆளு, எதுக்காகப் பொய் எழுதினேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீக?"

காத்தமுத்து தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏற்கெனவே இருந்த வியாதின்னு சொல்லுவேன். இரக்கம்னு பேரு... வேலையில சேர்றப்போ டாக்டர்கிட்ட ஒளிச்சிட்டேன்யா!"