வைத்திலிங்கத்தின் நண்டுத் தொட்டி

காலையில் தண்ணீர் தெளிக்கப் போன இராசமணி, மாட்டுத்தொட்டியின் நடுவில் மணல் குழிந்திருப்பதைக் கண்டாள். கீழேயிருந்து யாரோ ஒரு வாய் மணலை உறிஞ்சி எடுத்ததுபோல வழுவழுப்பான குழி. முதல்நாள் பின்னேரம் அவள் தன் கையாலேயே தட்டிச் சமன்படுத்திய மணல் அது.

"சனியனுகள்," என்றாள். கொட்டிலில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. மாட்டை விற்று வெகுகாலம். ஆனாலும் வெயில் ஏறும்போது பழைய சாணி மணமும் வைக்கோல் மணமும் கூரைக்குள்ளிருந்து இறங்கி வரும். இப்போது அவற்றுக்கு மேலே இன்னொரு மணமும் சேர்ந்திருந்தது. கடல் உள்வாங்கிய வத்துக்கடலில் சேறு காயும்போது வருமே, அந்த மணம்.

நண்டு வளர்ப்பது அவள் வேலையல்ல. அது அவள் புருசன் வைத்திலிங்கத்தின் வேலை. கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்தவர், எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினார். அங்கே என்ன கண்டார் என்று அவளிடம் சொல்லவில்லை. சரவணைக் கிராமத்தில் தங்கள் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் நாள்முழுக்கக் கிடந்தார். கேட்டதற்கு "ஓம்" என்பார், இல்லாவிட்டால் தலையை அசைப்பார். பிள்ளைகளும் இல்லாத வீட்டில் அந்த அமைதி அவளைத் தின்றது.

ஒருநாள் கடற்கரைக்குப் போனவர் சாரத்து மடியில் நாலு சங்கு நண்டுகளோடு வந்தார். செத்த சங்குக்குள் குடிபுகுந்து அதையே முதுகில் இழுத்துக்கொண்டு திரியும் சின்ன நண்டுகள். மாட்டுத்தொட்டியைக் கழுவிக் கடல்மணல் நிரப்பி, ஒரு சிரட்டையில் உப்புத்தண்ணீரும் ஒரு சிரட்டையில் நல்ல தண்ணீரும் வைத்து, தேங்காய் கீறிச் சொட்டும் போட்டார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வருசத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை என்பதால் அவளுக்கும் அவற்றைப் பிடித்துப்போனது.

பிறகு நண்டுகள் ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கிவிட்டன. வைத்திலிங்கம் சாய்மனைக் கதிரையைக் கொட்டிலுக்கே கொண்டுபோய், ஒன்றுமில்லாத மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை அதுகள்?" என்று கேட்டாள்.

"கீழை. தோல் கழட்டுதுகள். கிண்டக் கூடாது. மணல் காயவும் விடக் கூடாது."

"அதுகள் எப்ப மேலை வரும்?"

"அது அதுகளுக்குத்தான் தெரியும்."

இடமாற்ற விசயமாகக் கந்தோரிலிருந்து கூப்பிட்டபோது, ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று கொழும்புக்குப் புறப்பட்டார். வாசல் படலையைத் தாண்டிய பிறகு திரும்பி நின்றார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நல்ல தண்ணியாத் தெளியும். எங்கடை கிணத்து உவர்த் தண்ணி சரிவராது."

அதற்குப் பிறகு ரயில் ஓடவில்லை என்றார்கள், ஓடியும் நடுவழியில் நிற்கிறது என்றார்கள். மாதங்கள் போயும் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தோட்டவெளிக் கிணற்றில் வரிசையில் நின்று, குடிக்கவும் சமைக்கவும் அள்ளிச் சுமந்து வந்த தண்ணீரில் ஒரு பங்கை இராசமணி தினமும் மணலில் ஊற்றினாள். குடம் இடுப்பில் இறங்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. உயிரோடு இருக்கின்றனவா, செத்துப் போயினவா? மணலில் காதை வைத்துக் கேட்டாள். தேங்காய்ச் சொட்டு மட்டும் காலையில் இருப்பதில்லை. மேலும் வைத்தாள். அதுவும் இருப்பதில்லை.

குழி விழுந்த அன்று குசினி அடுப்படியில் இருந்த செம்பைக் காணவில்லை.

தேடாத இடமில்லை. கடைசியில் வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மேரிஜோசப்பினைக் கூப்பிட்டாள். சமையலுக்கு இல்லாததை வேலிக்கு மேலால் கேட்டு வாங்கிப் பழகிய பெண்.

"மேரி, என்ரை செம்பைக் கண்டனீரே?"

"இல்லையே அக்கா."

"நேற்று நீர்தானே குசினிக்குள்ளை வந்தனீர்."

மேரிஜோசப்பின் முகம் மாறியது. "தேயிலை வாங்க வந்தனான். உங்கடை செம்பு எனக்கு என்னத்துக்கு?"

"ஒருத்தரும் எடுக்காமல் அதுக்குக் காலே முளைச்சது?"

சொன்ன உடனேயே அதைத் திரும்ப விழுங்க வேண்டும்போல் இருந்தது. மேரிஜோசப்பின் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்கும். இவள் கிட்டப் போனால் நின்றுவிடும்.

செம்பு அடுத்த கிழமை கிடைத்தது. கொட்டில் மூலையில் சரிந்து கிடந்தது. உள்ளே பாதிக்கு ஈரமணல். உட்பக்கம் புளி போட்டு விளக்கினாலும் வராத மினுக்கத்தில், சுற்றிச் சுற்றிச் சுரண்டப்பட்டிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனவள் அந்தச் சேற்று மணம் அடிக்கவே தூர எறிந்தாள். மேரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? அதற்குள் தண்ணீருக்குப் போக நேரமாகிவிட்டது. குடத்தை எடுக்கக் குசினிக்குள் வந்தாள்.

குடம் இல்லை.

பின்வளவு மணலில் குடத்தை இழுத்துச் சென்ற தடம் இருந்தது. குசினி வாசலிலிருந்து கொட்டிலுக்கு, கொஞ்சமும் நேரில்லாமல், ஒருபக்கமாகச் சரிந்து சரிந்து போயிருந்தது. அதன் இரு கரையிலும் ஊசியால் குத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். நாயாக இருக்கலாம் என்றாள். வளவுக்குள் பாயும் பொடியள் விளையாடியிருக்கலாம் என்றாள். சொல்லிக்கொண்டே கொட்டிலுக்குள் போனவளுக்கு, மணலின் நடுவில் மறுபடி அந்தக் குழியைக் கண்டதும் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அவரில் கோபம். வராத ரயிலில் கோபம். நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு முகம் காட்டாமல் கிடக்கும் அந்த நாலு பூச்சிகளில் கோபம்.

கிண்டினாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள்.

அடியில் சங்குகள் நாலும் அகப்பட்டன. நாலும் வெறுமை. கடலில் வருசக்கணக்காய்க் கிடந்தவைபோலச் சுத்தமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே தொட்டியின் சீமெந்து உடைந்திருந்தது. குடம் புகுமளவு ஓட்டை. அதற்குள்ளும் மணல், கறுத்து, ஈரமாக.

வேலிக்கம்பு ஒன்றை எடுத்து உள்ளே விட்டாள். கம்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. தோள் ஓட்டையின் விளிம்பில் முட்டும்வரை இறங்கியும் ஒன்றிலும் தட்டவில்லை. பிறகு கம்பின் நுனியில் யாரோ மெல்லத் தட்டினார்கள். டொக். கொஞ்சம் மேலே, டொக். இன்னும் மேலே. ஒரு குருடன் தன் கையில் தந்த பொருளைத் தடவி என்னவென்று அறிவதுபோல, பொறுமையாக, அளந்து அளந்து, அந்தத் தட்டு அவள் விரல்களை நோக்கி ஏறி வந்தது.

அவள் கையை விட்டாள். கம்பு சத்தமில்லாமல் உள்ளே போனது.

அம்மிக்கல்லை இழுத்து வந்து ஓட்டைமேல் போட்டாள். மணலையெல்லாம் திரும்பத் தள்ளி மூடினாள். கதவுக்குக் கதவு கொழுக்கி போட்டாள். இரவு முழுக்கக் கொட்டில் பக்கம் கல்லோடு கல் உரசும் சத்தம், நின்று நின்று, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் அம்மிக்கல் தொட்டிக்கு வெளியே கிடந்தது. அதன் பக்கத்தில் குடம், உள்ளே மினுங்கச் சுரண்டப்பட்டு, சரிந்து கிடந்தது. குடம் கிடைத்ததே என்று அவள் சந்தோசப்படவில்லை. ஓடிப்போய்க் குசினியைப் பார்த்தாள். நெல் அவிக்கிற கிடாரம், இரண்டுபேர் பிடித்தால்தான் அசையும் கிடாரம், வைத்த இடத்தில் வட்டமாகப் புகைக்கரி மட்டும் இருந்தது.

அன்று பின்னேரம்வரை அவள் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்திலேயே இருந்தாள். பிறகு மேரிஜோசப்பினுடைய வாளியை வேலிக்கு மேலால் கேட்டாள். மேரிஜோசப்பின் வாளியைத் தந்தது மட்டுமில்லை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே கிணற்றடிக்கும் வந்தாள்.

"செம்பு கிடைச்சிட்டுது மேரி. நான் சொன்னது பிழை."

"அதை விடுங்கோ அக்கா. சாப்பிட்டனீங்களே?"

இராசமணி அழத் தொடங்கினாள். கொட்டிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, "தனிய இருக்கப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"இண்டைக்கு எங்கடை வீட்டை வந்து படுங்கோவன். ஆனால், இனித் தேவையில்லை எண்டு நினைக்கிறன். உங்கடை மனுசன் பஸ்சாலை இறங்கிப் போனதை இப்பத்தான் என்ரை தம்பி வின்சன்ற் கண்டவராம்."

வாளியில் பாதித் தண்ணீர் ஒழுங்கையில் சிந்தியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையில் நின்றன. ஏசவேண்டும். முதலில் நல்லாய் ஏசவேண்டும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று சொல்லவேண்டும்.

விறாந்தையில் அவருடைய பை இருந்தது. செருப்பு கொட்டில் வாசலில் கிடந்தது. வந்தும் வராததுமாக அங்கேதான் போயிருக்கிறார். கொட்டிலுக்குள் ஏற்கெனவே இருட்டிவிட்டது. அடையப் போகிற நேரத்தில் காகங்கள் அதன் கூரையில் வந்து வந்து இறங்கின.

"இஞ்சேருங்கோ," என்று முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்.

"ஓம்."

அவர் குரல்தான். "அங்கை நிக்காதேங்கோ. வெளியிலை வாங்கோ."

"ஓம்."

அவர் வரவில்லை. அவளுக்குக் கோபம் திரும்பியது. "ஒரு தகவல் அனுப்ப ஏலாதே உங்களுக்கு? நான் இஞ்சை செத்தனோ இருக்கிறனோ எண்டு நினைச்சுப் பாத்தனீங்களே?"

"ஓம்."

"அந்த நண்டுகள் ஒண்டும் இல்லை. அங்கை வேறை என்னவோ கிடக்கு. சொல்லுறது கேக்குதே?"

"ஓம்."

ஒரே நீளம். ஒரே இழுப்பு. நாலு தடவையும் ஒரே இடத்தில் மூச்சு முறிந்தது. இராசமணி வாளியைக் கீழே வைத்தாள். லாம்பைக் கொளுத்தக் குசினிப் பக்கம் திரும்பினாள். அங்கே, வேப்பமரத்தடியில், கிடாரம் கவிழ்ந்து கிடந்தது.

வெறுமையாக. ஈரமாக. உள்ளே மினுங்கிக்கொண்டு.

படலை தூரத்தில் இல்லை. மேரியின் வீட்டு விளக்குத் தெரிந்தது. போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது அவர் குரல். அவர் செருப்பு. எத்தனை மாதம் காத்திருந்தாள்.

லாம்பைக் கொளுத்தினாள். கொட்டிலுக்குள் போனாள்.

வைத்திலிங்கம் தொட்டியின் விளிம்பில் இருந்தார். முதுகு இந்தப் பக்கம். வெள்ளைச் சேட்டு முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கால்கள் நிலத்தில் ஊன்றாமல் பக்கத்துக்கு மடிந்து கிடந்தன. தொட்டியின் அந்தப் பக்கத்தில், மணலில், ஈரமாக எதுவோ குவிந்து கிடந்தது. காகம் ஒன்று அதிலிருந்து பறந்து கூரை வளையில் ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் தலையை மட்டும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ."

உடம்பு அசையவில்லை. தலை மட்டும் திரும்பியது. அதிகமாகத் திரும்பியது.

வெளிச்சம் முகத்தில் பட்டது. கண்கள் உள்ளே போயின.

இமை மூடவில்லை. கண்கள்தான் போயின. இரண்டு ஓட்டைகள். திறந்த வாய். மூன்றுக்குள்ளும் ஒரே இருட்டு. ஈரமான ஒன்று, பெரிது, நெஞ்சுக்குள் சுருண்டு ஒதுங்கும் சத்தம். கன்னம் உள்ளிழுபட்டது. சேட்டுப் பொத்தான்கள் ஒருமுறை புடைத்து அடங்கின.

அவள் நின்றாள். லாம்பின் கம்பி விரலைச் சுட்டது.

கூரையில் காகங்கள். பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரம்.

வலது ஓட்டையின் ஆழத்தில் எதுவோ மினுங்கியது. மெல்ல முன்னுக்கு வந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் வந்து, இமைக்கு வெளியேயும் சற்று நீண்டு, லாம்பைப் பார்த்தது.

இடது கண் பிந்தி வந்தது. அது அவளைப் பார்த்தது.