வலது பக்கத்துப் புரொப்பல்லர்

"எனக்கு உங்க ஆராய்ச்சி வேணாம். கையெழுத்து மட்டும் போதும்" என்றார் சரோஜா. நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

படப்பையில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எழிலரசி நிதானமாகத் தலையை நிமிர்த்தினாள். இருபது வருடம் கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயராக இருந்தவள். இப்போது உடைந்த இயந்திரங்களைப் பார்த்து, ஏன் உடைந்தன என்று சொல்வதுதான் அவள் தொழில். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உதவியாளன் ஜெபகுமார். எட்டு வருடம் கார் கம்பெனி லைனில் நின்றவன். அந்த வேலையை விட்டதற்கு அவன் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஒரகடத்தில் சரோஜா நடத்துவது கப்பல் புரொப்பல்லர் வார்க்கும் ஆலை. துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஒரு படகுக்கு, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக இரண்டு புரொப்பல்லர் செய்து கொடுத்திருந்தார்கள். ஆறாவது மாதம் வலது பக்கத்துப் புரொப்பல்லரின் இதழ் ஒன்று அடியோடு முறிந்தது. படகு திசை தவறி அலைத்தடுப்புப் பாறையில் மோதியது. ஓட்டுநர் அமிர்தநாதன் இறந்துபோனார்.

"மாரின்னு ஒருத்தன். கிரைண்டிங் பண்றவன். பிளேடோட அடியை அளவுக்கு மேல தேய்ச்சுட்டான். எங்க மேனேஜர் பென்சன் விசாரிச்சு எழுதியாச்சு. வெளியாள் ஒருத்தர் கையெழுத்து இருந்தாத்தான் போலீஸ்ல எடுத்துக்குவாங்களாம். திங்கட்கிழமை புகார் கொடுக்கணும்."

"பார்க்காம நான் கையெழுத்துப் போடறதில்லை."

"அப்போ சீக்கிரம் பாருங்க." சரோஜா விடைபெறாமலே படியிறங்கினார்.

மறுநாள் காலை ஆலையின் முற்றத்தில் இரண்டு புரொப்பல்லர்களும் தார்ப்பாயின் மேல் கிடந்தன. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. தலைக்கு நான்கு இதழ்கள், வலதில் மட்டும் மூன்றும் ஒரு முறிவும். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. ஜெபகுமார் ஸ்டூல் கேட்டபோது ஒருவன் திரும்பி நின்று பீடி பற்றவைத்தான்.

எழிலரசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீந்திருந்த அடிப்பகுதியின் தடிமனைக் கருவியால் ஐந்து இடத்தில் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டாள்.

"எழுதிக்க ஜெபா. தடிமன் வரைபடத்துல உள்ளபடியே சரியா இருக்கு."

"அப்ப மாரி தேய்க்கலையா?"

"தேய்ச்சார். சரியாத் தேய்ச்சார்."

பிறகு அவள் இதழ்களின் முதுகைத் தடவிப் பார்த்தாள். இடதில் லேசான சொரசொரப்பு மட்டும். வலதில் விளிம்பெல்லாம் கறையான் அரித்ததுபோலக் குழிகள். முறிவின் ஓரத்தில் செம்புக் காசின் நிறத்தில் ஒரு திட்டு. அதைப் படமெடுத்து, அங்கே அரத்தால் ராவிய கொஞ்சம் தூளை உறையில் போட்டு, கிண்டியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னாள்.

கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில் மாரி நின்றிருந்தான். சஸ்பெண்ட் ஆகி மூன்று வாரம். ஆனாலும் ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் அங்கே வந்து நிற்கிறான். இறங்கிய ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீங்களும் அந்தம்மா ஆளுங்கதானே. இன்னா எழுதப் போறீங்களோ எழுதிக்கங்க" என்றான்.

"நீங்க அளவு பார்த்துத்தான் தேய்ச்சீங்க. அளந்து பார்த்துட்டேன்" என்றாள் எழிலரசி.

அவன் முகம் இளகவில்லை. "அது எனக்கே தெரியும். அந்த வெல்டர் ஏசுவடியானைப் போய்க் கேளுங்க. அதே புரொப்பல்லர் நுனியில அவன்தான் பத்தவெச்சான். ஷெட்டு முழுக்க வெள்ளைப் பொகை. கூரைத் தகட்டுல இன்னும் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கினு கீது. மறுநாள் காய்ச்சல்னு படுத்துக்கினான். மூணு வருசத்துல அவன் லீவு போட்டு நான் பாத்ததில்லை."

ஜெபகுமாருக்குப் பொறி தட்டியது. வெல்டிங்தான் காரணம். பென்சனின் அறைக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். எழிலரசி மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.

பென்சன் இரண்டு புரொப்பல்லருக்குமான உலோகச் சான்றிதழ்களையும், சரக்கு அனுப்பிய டிஸ்பாட்ச் சீட்டுகளையும் மேஜைமேல் வீசாத குறையாக வைத்தார். "நிக்கல் அலுமினிய வெண்கலம். கடல்ல இதுக்கு மேல உலோகம் கிடையாது. படிச்சுக்கங்க."

ஜெபகுமார் வாய்விட்டுப் படித்தான். இரண்டிலும் ஒரே கலவைதான்: செம்பு எண்பது, அலுமினியம் ஒன்பதரை, நிக்கல் நாலரை, இரும்பு நாலரை, மீதி மாங்கனீஸ். சீட்டில் எடை: இடது 304 கிலோ, வலது 332 கிலோ.

"வெல்டிங்ல ஏதாவது கோளாறு?" என்று கேட்டான்.

"நுனியில சின்ன ஓட்டை, அடைச்சான். உடைஞ்சது அடி. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உடம்பு சரியில்லாமலே அவரை வெல்டிங் பண்ண வெச்சீங்களோ? மறுநாள் காய்ச்சலாமே" என்றாள் எழிலரசி.

"அதெல்லாம் இல்ல. ஜிங்க் புகை ஏறினா எவனுக்கும் அப்படித்தான். ஒரு நாள்ல எழுந்துடுவான். இதையெல்லாம் விசாரிக்கவா வந்தீங்க?"

எழிலரசி நன்றி சொல்லி எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை சரோஜாவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மாரியை உள்ளே விட வாட்ச்மேன் மறுத்தார். எழிலரசி கேட்டுக்குப் போய் அவனை அழைத்துவந்தாள். ஏசுவடியான் கதவோரம் நின்றான். அமிர்தநாதனின் மனைவி ஜாஸ்மின் எவர் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு புரொப்பல்லரும் கண்ணாடியில பார்த்த மாதிரி ஒரே அளவு. ஒரே உலோகம்னா ஒரே எடை இருக்கணும்" என்று எழிலரசி தொடங்கினாள். "வலது இருபத்தெட்டு கிலோ அதிகம். அப்போ உலோகம் வேற, இதைவிடக் கனமானது. மாங்கனீஸ் வெண்கலம்னு சொல்வாங்க. பேருக்குத்தான் வெண்கலம், உண்மையில துத்தநாகம் கலந்த பித்தளை. மீன்பிடிப் படகுகளுக்கு நீங்களே அதை வார்க்கறீங்க. அந்த உலோகக் கட்டி இங்கேயே இருக்கு."

"எடைச் சீட்டுல தப்பு இருக்கலாம்" என்றார் பென்சன்.

"இருக்கலாம். ஆனா உப்புத்தண்ணி பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்னுட்டு செம்பை மட்டும் விட்டுட்டுப் போகும். முறிஞ்ச இடத்துல அந்தச் செம்பு நிறத் திட்டு இருக்கு. வெல்டிங் பண்றப்ப வெள்ளைப் புகை வந்திருக்கு, ஏசுவடியானுக்குக் குளிர்காய்ச்சல் வந்திருக்கு. துத்தநாகம், அதாவது ஜிங்க், எரிஞ்சாத்தான் அப்படி. சான்றிதழ்ல உள்ள உலோகத்துல துத்தநாகமே கிடையாது. ஆனா நான் காய்ச்சல்னு மட்டும் கேட்டப்ப, ஜிங்க் புகைன்னு சொன்னது நீங்க, பென்சன் சார்."

ஜெபகுமார் நோட்டைப் புரட்டினான். அவன் கையெழுத்திலேயே அந்த வார்த்தை இருந்தது. எழுதும்போது உறைக்கவில்லை.

"பிளேடு எவ்வளவு மெல்லிசா இருக்கலாம்கறதை உலோகத்தை வெச்சுத்தான் தீர்மானிப்பாங்க" என்றாள் எழிலரசி. "மெல்லிசா இருந்தா தண்ணியை நல்லா வெட்டும், டீசல் மிச்சம். நிக்கல் வெண்கலம் அந்த மெல்லிசைத் தாங்கும். பித்தளைக்கு இன்னும் தடிமன் வேணும். மாரி வரைபடத்துல இருந்தபடியே தேய்ச்சார். வரைபடம் வேற உலோகத்துக்குப் போட்டது." ஆய்வக உறையை மேஜைமேல் வைத்தாள். "துத்தநாகம் முப்பத்தேழு சதவீதம்."

பென்சன் சரோஜாவைப் பார்த்துத்தான் பேசினார். "வலதோட முதல் வார்ப்பு விரிசல் விட்டுப் போச்சு. நிக்கல் கட்டி வர மூணு வாரம் ஆகும்னாங்க. தேதி தவறினா ஆளை மாத்துவேன்னு சொன்னது யாரு? சான்றிதழுக்கு இடதோட டெஸ்ட் துண்டையே ரெண்டா வெட்டி அனுப்பினேன்."

"என்கிட்ட கேட்டுட்டா ஊத்துனே?" என்றார் சரோஜா.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஜாஸ்மின் எழுந்து, "இதைப் போலீஸ்ல சொல்லுங்க. என் எதிர்ல சண்டை போட வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

மாரி கதவோரம் போனான். "பொகை வந்தப்பவே உனக்குத் தெரியுமில்ல?"

ஏசுவடியான் தரையைப் பார்த்தான். "தெரியும். பித்தளைன்னு அன்னைக்கே தெரியும். சொன்னா என்னைய வெளிய அனுப்பிருவாவ. ஊர்ல பிள்ளை படிக்குது. என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

"படகுக்குப் போறப்போ சொல்லலை. அந்த ஆளு செத்தப்போ சொல்லலை. மூணு வாரமா என்னைத் தாண்டித்தானே உள்ள போன."

மாரி கைநீட்டி அடிப்பான் என்று ஜெபகுமார் நினைத்தான். அவன் அடிக்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வந்துடு மாரி" என்று சரோஜா கூப்பிட்டது காதில் விழாதவன்போல வெளியே போய்விட்டான்.

"ஏசுவடியான் சொன்னதையும் எழுது" என்றாள் எழிலரசி.

"அவர் வேலை போயிடும், மேடம்."

"போகும்."

ஜெபகுமார் எழுதினான். எழுதியதை ஏசுவடியானுக்குப் படித்துக் காட்டினான். ஒரு திருத்தமும் சொல்லாமல் அவன் பேனாவை வாங்கினான். அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை ஜாஸ்மின் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.