வாழைமரத்தோரம் நின்றவர்

மின்சாரம் ஒரு நொடி கண்ணைச் சிமிட்டியது. மந்திரமூர்த்தியின் விரல் தானாகப் போய்ச் 'சேமி'யை அழுத்தியது.

எதன்மேல் அழுத்தினோம் என்று அப்புறம்தான் பார்த்தான்.

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள் யாரும் வெறும் திரையில் தொடங்குவதில்லை. போன கல்யாணத்தின் திட்டக்கோப்பைத் திறப்பார்கள். பாட்டு, பூ உதிரும் எழுத்து, தாலி கட்டும்போது விழுகிற பொன்னிற வெளிச்சம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். பழைய ஆட்களை எடுத்துவிட்டுப் புது ஆட்களைச் சொருகி, வேறு பெயரில் சேமித்தால் பாதி வேலை முடிந்தது. மந்திரமூர்த்தி ஆட்களைச் சொருகியிருந்தான். பெயரை மாற்றவில்லை. கோமதிநாயகியின் கல்யாணம் இருந்த இடத்தில் இப்போது கடையநல்லூர் ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. காட்சிகளும் கோப்புக்குள்ளேயே குடியிருக்கும் காலம் அது. கேமரா அட்டைகளை அடுத்த முகூர்த்தத்துக்காக எப்போதோ துடைத்தாயிற்று.

வேறு யார் கல்யாணமாக இருந்தாலும் காலில் விழுந்து சமாளித்திருப்பான். கோமதியின் அப்பா ஆவுடையப்பன், கல்யாணம் முடிந்த மறுவாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவர் நடமாடுகிற கடைசிப் படம் அதுதான். அதை வாங்க அந்தப் பெண் சாயங்காலம் வருகிறாள்.

"என்னலே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" ஸ்டூடியோ முதலாளி தங்கப்பழம் டீ டம்ளரோடு உள்ளே வந்தார்.

சொன்னான்.

"இம்புட்டுத்தானா? நான் கூட ஸ்டூடியோவையே கொளுத்திட்டியோன்னு பார்த்தேன். மனமீட்பி எதுக்குலே இருக்கு?"

மனமீட்பி வந்தபிறகு ஊரில் எதுவும் தொலைவதில்லை. வைத்த இடம் மறந்த சாவி, கிழிந்துபோன பத்திரத்தின் கடைசிப் பக்கம், பஸ்ஸில் இடித்துவிட்டுப் போனவனின் முகம், எல்லாம் திரும்பி வந்துவிடும். வளையத்தைத் தலையில் மாட்டினால் போதும், கண் ஒருமுறை பார்த்ததை அது உருவிப் படமாக்கும். காதுக்குப் பின்னால் வட்டத் தழும்பு இல்லாத ஆளைப் பார்ப்பதே அரிது. மந்திரமூர்த்தியோ அந்தக் கல்யாணத்தை நாள்கணக்கில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவன்.

"எங்கயாச்சும் எனக்கே ஞாபகம் விட்டுப்போயிருந்தா, அண்ணாச்சி?"

"மனசே நிரப்பிக்கிடும். அதுக்கும் பழைய கோப்பு இருக்கும்லா?" வளையத்தின் திருகை இறுக்கினார். "கண்ணை மூடு. கோமதி கல்யாணத்தை நினை. வேற எதையும் நினைக்காத."

இதமான சூடு மண்டைக்குள் பரவியது. நாதஸ்வரம் கேட்டது. கோமதி தலை குனிந்து உட்கார்ந்தாள். தோளில் துண்டும் மை பூசிய மீசையுமாக ஆவுடையப்பன் மேடைக்கும் பந்திக்கும் அலைந்தார். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறிய நேரத்தில் ஆவுடையப்பன் யாருக்கும் தெரியாமல் திரும்பி, வாழைமரத்தோரம் போய், மடக்கிய விரல்களை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

இதை மந்திரமூர்த்தி எந்தக் காட்சியிலும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. இப்படி நின்றது, காலமாகிவிட்ட அவனுடைய அப்பா. அவனுடைய கல்யாணத்தில்.

வளையத்தைக் கழற்றியதும் சொன்னான். "அண்ணாச்சி, இது தப்பு. அது எங்கப்பா. கண்டக்டர் வேலை பார்த்த மனுஷன், பஸ்ஸுல கூட்டம் நெருக்கினா நெத்தியில இப்படித்தான் விரலை வைப்பாரு. அந்தப் பழக்கம் இவருக்கு எப்படி வந்துச்சு?"

"பொம்பளப்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற எந்த அப்பனும் அப்படித்தாம்லே நிப்பான்."

"நான் ஆம்பள. எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு எங்கப்பா அப்படி நின்னாரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கோமதி படத்தைப் பார்த்தாள். வாழைமரத்தோரம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமினான்.

"தங்கச்சி, அந்த இடம் வந்து..."

"அண்ணே, தாலி கட்டும்போது அப்பாவைக் காணலியேன்னு எனக்கு இத்தனை நாளும் ஒரே குறை. இங்கதான் நின்னிருக்காக." அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "ஆமாண்ணே, அப்பா இப்படித்தான். மனசு தாங்கலைன்னா நெத்தியில விரலை வச்சுக்கிடுவாக. இப்ப ஞாபகம் வருது."

தன் கண்ணெதிரே அவள் ஞாபகத்தின்மேல் வேறு எதுவோ எழுதப்படுவதை மந்திரமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையில் ஆவுடையப்பன் எங்கே நின்றார் என்று சொல்ல இனி உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

"இது இனிமே அழியக்கூடாது. பூட்டிருங்க" என்றாள்.

நிலைப்பூட்டு மனமீட்பியின் புதுப் பகுதி. நினைவு என்பது எடுக்கும்போதெல்லாம் மறுபடி எழுதப்படுகிற சமாச்சாரம். எடுத்து எடுத்தே அது திரிந்துபோகும். பூட்டிவிட்டால் அதன்மேல் எதுவும் எழுத முடியாது, யார் எதைச் சொன்னாலும் ஒட்டாது. பூட்டியதைத் திறக்கிற வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேவை என்று யாரும் நினைக்கவுமில்லை.

தங்கப்பழம் வளையத்தைக் கோமதியின் தலையில் மாட்டினார்.

பச்சை விளக்கு எரிந்தது. கோமதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மந்திரமூர்த்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். அப்பா வாழைமரத்தோரம் நின்றார். தோளில் துண்டு. அப்பா துண்டு போடுவாரா? கண்டக்டர் பை மாட்டிய தோளல்லவா அது? மீசை வெள்ளையா, மை பூசியதா? முகத்தைத் திருப்பச் சொல்லி மனசுக்குள் கெஞ்சினான். அவர் திரும்பவில்லை. நாளைக்கு இன்னொரு கல்யாணம், இன்னொரு அப்பா. இருப்பதும் போய்விடும்.

"அண்ணாச்சி, எனக்கும் பூட்டுங்க. எங்கப்பாவை. இப்பவே."

"வீட்டுல போட்டோ இருக்கும்லா? ஒருதடவை நல்லாப் பாத்துட்டு நாளைக்கு வாயேன்."

"அதுக்குள்ள எதாச்சும் ஆயிட்டா?"

பதறினால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வளையத்தை அவனே மாட்டிக்கொண்டான். விரல் தானாகப் போய் அழுத்தியது.

பச்சை விளக்கு எரிந்தது. அந்த நொடியில் வாழைமரத்தோரம் நின்றவர் திரும்பினார். தோளில் துண்டும் மை பூசிய மீசையுமாக, தெளிவாக, கண்ணுக்கு நிறைவாக நின்றார். அப்பாடா என்றிருந்தது மந்திரமூர்த்திக்கு.

வீட்டில் அவன் மனைவி சண்முகக்கனி சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சுவரில், சந்தனமாலை போட்ட படத்தில், காக்கிச்சட்டை போட்ட ஒருவர் இருந்தார். வெள்ளை மீசை.

"கனி, இது யாரு? மாலையெல்லாம் போட்டிருக்கே?"

"நல்ல கேலிதான். மாமா கேட்டா எழுந்திருச்சு வந்து உதைப்பாக."

"எந்த மாமா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தீக்குச்சி விரல்வரை எரிந்து சுட்டது.

"உங்க அப்பா" என்றாள்.

அவன் படத்தைக் கவனமாகப் பார்த்தான். "அப்படியா, சரி" என்று தலையாட்டினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முகம் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தவன், அதே சுவருக்கு முன்னால் நின்றான்.

"கனி, இந்தப் பெரியவர் யாரு?"