பார்வையாளரை எண்ணும் பெட்டி

சிபானா அழுதபடி வரவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். ஊரெல்லாம் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மிஹ்லாருக்கு அது பிடித்திருந்தது. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தே தலை நரைத்தவர் அவர்.

"நாளைக்குக் கொழும்பிலிருந்து மேடம் வாறாங்க, காக்கா. என்ட வேலை போயிரும். அதோட கள்ளி எண்ட பேரும் வரும்."

தெரிந்தெடுத்த சில வீடுகளில் ரீவியோடு ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கும். வீட்டார் எந்தச் சனலை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அது கொழும்புக்கு அனுப்பும். அதை வைத்துத்தான் விளம்பரங்கள் போகும். பெட்டிகளைப் பராமரிப்பது சிபானாவின் வேலை. அவை எந்தெந்த வீடுகளில் என்பது இரகசியம். அந்த வீட்டாரைத் தவிர, கல்முனையில் அது தெரிந்தவர்கள் இருவரே: அவளும் மேலாளர் நிஸாமும்.

"ஊர் முழுக்க என்ன பார்க்குது எண்டு நாலு வீடு சொல்லுதாக்கும்," என்று மிஹ்லார் முகத்தைச் சுளித்தார். "சரி, எந்த வீட்டுக் கதை வெளிய போன?"

"சாய்ந்தமருது அபுல் ஹஸன் மாமாட வீடு. போன கிழமை ஒரு சனல்காரன் பெரிய ரீவி குடுத்து, 'எங்கட சனலையே போட்டு வைங்க' எண்டிருக்கான். மருமகன் ஜெஸீம் அதைப் படம் புடிச்சி, நன்றி எண்டு ஃபேஸ்புக்கில போட்டுட்டார். நான்தான் வீட்டைக் காட்டிக் குடுத்தனாம். நிஸாம் சேர் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டார்."

ஓட்டோக்காரன் சுஜீபன் வெடித்துச் சிரித்தான். மிஹ்லாரின் விசாரணைகளுக்கெல்லாம் வாகனமும் அவனுடையது, அபிப்பிராயமும் அவனுடையது. "லஞ்சத்துக்கு ஊரறிய நன்றி சொன்ன முதல் மனுசன், காக்கா!"

ஜெஸீமின் வீட்டில் புது ரீவி பாதிச் சுவரை விழுங்கியிருந்தது. மிஹ்லார் அதன் பின்னாலும் கீழேயும் நெடுநேரம் பார்த்தார். மின்வயரையும் அன்டனா வயரையும் தவிர அதில் எதுவும் பூட்டியிருக்கவில்லை.

"மாமா எங்க?"

"எங்கட கலியாணத்தோட மாமாவும் மாமியும் கடற்கரைப் பக்கம் போயிட்டாங்க. பழைய ரீவியும் அங்கதான்."

"நீங்க சனல் மாத்துறல்லையா?"

"இல்ல காக்கா. வாக்குக் குடுத்திரிக்கேனே!"

வெளியே வந்ததும் சுஜீபன் கிசுகிசுத்தான். "இவன்தான் கள்ளன்!"

"அதுக்கு மூளை வேணும்."

கடற்கரை வீட்டில், பழைய ரீவியின் பக்கத்தில் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது. "போன வருசமே நான்தான் கழட்டி இங்க பூட்டினன்," என்றாள் கூடவே வந்திருந்த சிபானா. "நிஸாம் சேருக்குக் கோல் எடுத்தன். 'பெட்டி வேலை செய்யுதுதானே, மத்தக் கதை எனக்கெதுக்கு' எண்டு, இடம் மாறினதைச் சொல்ல விடாமலே கோலை வெச்சிட்டார்."

திரும்பும் வழியெல்லாம் சுஜீபன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மிஹ்லார் 'நாளைக்குப் பார்' என்றே சொன்னார். சுஜீபனுக்கு அது பெரும் தண்டனை.

மறுநாள் அலுவலகத்தில் கொழும்பு அதிகாரி தக்சாயினி நடுவில் இருந்தார். நிஸாம் அத்தர் மணக்க நின்றான்.

"தம்பி, அபுல் ஹஸன்ட பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார் சிபானாவோடு வந்த மிஹ்லார்.

"இதென்ன கேள்வி? அவர்ட வீட்டு முன் ஹோலில. புது ரீவிக்குப் பக்கத்தில."

சிபானா தலை நிமிர்ந்தாள்.

"மேடம், இந்தக் கரையில மகளைக் கட்டிக் குடுத்தா வீடு மகளுக்கு. பெத்தவங்கதான் வெளிய போவாங்க. அபுல் ஹஸனும் போயிட்டார், பெட்டியும் கூடப் போயிட்டு. அதை மாத்திப் பூட்டினது இந்தப் புள்ள. இவ தகவலை வித்திருந்தா ரீவி கடற்கரைக்குப் போயிருக்கும். பழைய வீட்டுக்கு ஆளனுப்பினவன், பெட்டி இன்னும் அங்கதான் எண்டு நம்பினவன். தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. அதில அப்பிடி நம்பினவர் இப்பதான் தன்ட வாயால சொன்னார்."

நிஸாம் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

"களவெடுக்கிறதுக்கும் ஊரை ஒருக்காச் சுத்திப் பார்க்கணும், தம்பி. ஏசி அறைக்குள்ள இருந்தா அதுவும் வராது."

தக்சாயினி நிஸாமின் மேசைச் சாவியைக் கேட்டு வாங்கினார். பிறகு சிபானாவைப் பார்த்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வாங்க."

"வாறன் மேடம். ஆனா என்னைக் கள்ளி எண்டவர், அந்த ஆக்களுக்கு முன்னாலயே அதை மாத்திச் சொல்லணும்."

எழுதுவினைஞர்கள் தலைதூக்கினார்கள். ஒருவரும் நிஸாமுக்கு உதவிக்கு வரவில்லை. மிஹ்லார் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவசரப்பட அவருக்கு ஒன்றுமில்லை. கடைசியில் நிஸாம்தான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.