குமிழூரில் காணாமல் போன குப்பி

புழுதிக்காலம் நெருங்கிவிட்டால், செவ்வாயின் குமிழூரில் வீட்டுக்கு வீடு பழைய உலைக்குப்பியைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். அணுவடுப்பில் எரிந்து ஓய்ந்த குப்பிதான். ஆனாலும் உள்ளே பெரும்பங்கு நல்ல யுரேனியம் மிச்சமிருக்கும். மீட்பகம் அதைப் பிரித்தெடுத்துப் புது எரிபொருளாக்கிவிடும். நான்கு உறை போட்ட குப்பி என்பதால் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கினாலும் ஒன்றும் செய்யாது.

மீட்பக மேலாளர் தணிகைவேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் இரண்டு மாதம் புழுதி வெயிலை மறைத்துவிடும். ஊரின் பெரிய உலையை மூட்ட முந்நூறு குப்பிகள் வேண்டும். வந்து சேர்ந்தவையோ ஒன்று குறைவு. உலை எரியாவிட்டால் ஊரே குளிரில் விறைக்கும், பழி அவர் தலையில் விழும்.

கதிர்வீச்சை மோப்பம் பிடிக்கும் மோப்பி என்ற ரோபோவோடு கிளம்பினார். அது நேராகப் பொறியாளர் மகிழ்நன் வீட்டு அலமாரிமுன் போய் நின்றது. அலமாரி காலி. மகிழ்நன் நெளிந்தார்.

"புதுமனை விழாவுக்கு வந்த பரிசு சார். பிரிக்கவே இல்லை. பெயர்ச்சீட்டு மேல எங்க பேரை ஒட்டி, பல் டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்துட்டோம்."

யார் கொடுத்த பரிசு என்று கேட்டதற்கு மட்டும் அவர் வாசலைப் பார்த்தார்.

பல் டாக்டர் அதை ஒரு வளைகாப்புக்குக் கொடுத்திருந்தார். வளைகாப்பு வீட்டார் காதுகுத்துக்கு. ஜிகினாத் தாள் கசங்காமல் பெட்டி எட்டு வீடு சுற்றியிருந்தது. ஒரு பரிசைப் பிரித்துப் பார்க்கக்கூட மனசில்லாத ஜனமா என்று தணிகைவேல் வீட்டுக்கு வீடு பொரிந்து தள்ளினார். எட்டாவது வீட்டம்மா புன்னகைத்தார்.

மோப்பி அடுத்துப் போய் நின்றது தணிகைவேலின் சொந்த அலமாரிமுன்.

"அதைத் தொடாதீங்க. பாப்பா பிறந்தநாளுக்கு வந்தது, நாளைக்கு உங்க இயக்குநர் வீட்டு விசேஷத்துக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் மனைவி பூங்கோதை.

அவர் பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். கடைசிச் சீட்டில் அவருடைய கையெழுத்தே இருந்தது: அன்புடன், தணிகைவேல் குடும்பத்தார்.

"போன வருஷம் மகிழ்நன் வீட்டு விழாவுக்கு அவசரத்துக்கு வேற பரிசு இல்லை. துடைச்சா பளபளன்னு இருந்துச்சு" என்றாள் பூங்கோதை. "மேலாளர் வீட்டுக் குப்பியை எவன் வந்து கேட்கப்போறான்னு நீங்கதானே சொன்னீங்க."

தணிகைவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டுகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, குப்பியை மீட்பகத்துக்கு ஓட்டமாய்க் கொண்டுபோனார்.

உலை எரிந்தது, ஊர் கதகதப்பானது. காணாமல் போன குப்பியைக் கண்டுபிடித்த திறமைக்காக இயக்குநர் மேடையில் அவருக்கு ஒரு பரிசுப்பெட்டி கொடுத்தார். ஜிகினாத் தாள் சுற்றிய கனமான பெட்டி.

வீட்டில் பூங்கோதை அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பெயர்ச்சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பிறகு பத்திரமாக அலமாரியில் வைத்தாள்.

"அடுத்த மாசம் மகிழ்நன் வீட்ல காதுகுத்து இருக்குங்க."

தணிகைவேல் பேனாவைத் தேடினார்.