சுவருக்குள் பாதரசம்

பதினான்காவது கட்டத்தில் கருவி ஈயத்தைக் காட்டவில்லை. அங்கே இருக்கவே கூடாத மூன்றைக் காட்டியது. வெள்ளி, வெள்ளீயம், பாதரசம்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் இரவல் வாங்கி வந்த கருவி. துப்பாக்கி போலிருக்கும், மூக்கைச் சுவரில் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்ரே பாயும், உள்ளிருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும், திரையில் அதற்கான கோடு முகடாக எழும். அக்காவின் குழந்தை, ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்ட்டைச் சுரண்டி வாயில் வைக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை. பட்டப்பகலில், அக்கா வீட்டுப் பின்னறைச் சுவர் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு எண் எழுதி, ஈரச் சுண்ணாம்பும் மட்கிய துணியும் கலந்த நாற்றத்தை மூச்சில் இழுத்தபடி ஒவ்வொன்றாக அளந்து வந்தாள்.

"இன்னுமா முடியல?" அடுத்த அறையிலிருந்து அக்கா. "ஒரு சுவத்துக்கு அரை நாளா?"

"இருக்கா. ஒரு இடத்துல சரியா வரல."

"உனக்கு எதுதான்டி சரியா வந்திருக்கு?"

தன் கைதான் பிசகியிருக்கும் என்று நினைத்தாள். கருவியைச் சரிபார்க்க அதனோடு வந்த சோதனை வில்லையை அளந்தாள். கருவி சரியாகவே சொன்னது. அந்த மூன்றும் சேர்ந்திருக்கும் ஒரு கலவையை அவளுக்குத் தெரியும். சொத்தைப் பல்லை அடைப்பது. பதினான்கை மறுபடி அளந்தாள். வெறும் சுண்ணாம்பு. பதினைந்தில் மூன்றும் இருந்தன.

சரியாக அவள் வாய் உயரத்தில்.

உள்ளே ஏதோ நறநறத்தது. எலி என்று சொல்லிக்கொண்டாள். பதினாறு. முகடு வளர்ந்தது. பதினேழு. இன்னும் வளர்ந்தது. உள்ளிருந்து சுவரின் மேற்பரப்பை நோக்கி வருகிறது. பிறகு கீழே இறங்கியது. இடுப்பு உயரம். முழங்கால். தரையோரம், அக்காவின் அறையை ஒட்டிய மூலை.

பிறகு எங்கும் இல்லை. சுவர் காலி.

"அக்கா, தொட்டில் எங்க இருக்கு?"

"மூலைலதான். ஏன், அதையும் அளக்கணுமா?"

"குட்டியத் தூக்கு!"

"கத்தாதடி, இப்பத்தான் முழிச்சான். உன் சத்தத்துக்குச் சிரிக்கிறான் பா..."

பேச்சு அறுந்தது.

கருவியைப் போட்டுவிட்டு ஓடினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தொட்டிலுக்குள், இன்னும் பால்பல்லே முளைக்காத குழந்தை வாய்நிறையச் சிரித்தது. மேலும் கீழும் வரிசை வரிசையாக, பெரியவர்களின் பழுத்த கடைவாய்ப் பற்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்த அடைப்பு.

அவளைப் பார்த்தபடியே, அவை மெல்ல அரைத்தன.